பல்லாங்குழி வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு பிடி புளியமுத்தைப் போட்டுப் பாருங்க!

செல்போனில் 'பல்லாங்குழி' என்று தட்டினால் போதும். மீன் வடிவம், மயில் வடிவம், மடக்குவது, பித்தளைப் பூண் போட்டது என்று விதவிதமாக வந்து நிற்கும். கொலுவுக்கு வைத்துக்கொடுக்க, கல்யாணத்தில் ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்க, ஷோகேஸில் நிறுத்த... படத்தில் எல்லாமே அழகுதான். ஆனால், அதில் ஆட முடியுமா?

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே குழியில் 12 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். நான்கு விரலையும் சேர்த்து ஒரே இழுப்பில் வழித்து எடுங்கள். அத்தனையும் கைக்குள் வந்துவிட்டால் அது பல்லாங்குழி. இரண்டு கொட்டை அடியில் ஒட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பக்கத்துக் குழிக்குத் தாவினால், அதைச் சுவரில் மாட்டிவிடலாம்.

சோதனை என் சொந்தச் சரக்கு இல்லை. பெரியதாழையில் இருக்கும் என் ஆச்சியுடையது. ஆன்லைனில் வாங்கிய ஒரு மீன் வடிவப் பலகையை ஆசையாக அவர் மடியில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குழிக்குள் விரலை விட்டார். விரல் நடுக்கணுவைக்கூடத் தொடவில்லை. ட்ரில் மெஷினில் நேராகக் குடைந்த குழி. அடி தட்டையாக, சுவர் செங்குத்தாக இருந்தது. "ஏட்டி, இது குழியா, மூடி வைக்கிற கிண்ணியா?" என்றார். அதோடு அந்தப் பலகையின் கதை முடிந்தது. ஆடக்கூடிய ஒரு பலகையை ஊரிலேயே செய்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் இருக்கிறது பெரியதாழை. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் பனைமரங்களும் செம்மண் தேரியும். ஞாயிற்றுக்கிழமை ஆலயமணி கேட்கும், கடலுக்குப் போக மாட்டார்கள். கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களிலும் படகுகள் கரையிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட மதியங்களில் வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து முத்துப் போட்டதெல்லாம் ஆச்சியின் காலத்துக் கதை. இங்கே முத்து என்றால் கடல் முத்து இல்லை, புளியமுத்து. முத்துக்குளித்துறைக் கரையில் புளியங்கொட்டைக்கும் முத்து என்றே பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்!

ஆட்டம் தெரிந்தால்தான் அளவு தெரியும்

பல்லாங்குழியை வடிவமைக்க உட்காரும் யாரும் முதலில் ஆடிப் பார்க்க வேண்டும். மறந்துபோனவர்களுக்காக ஒரு சுற்று.

பலகையில் வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள். பதினான்கு குழி என்பதே 'பன்னான்குழி'யாகி, பிறகு பல்லாங்குழி ஆனது என்பது தேவநேயப் பாவாணரின் விளக்கம். தமிழர் விளையாட்டுகளைப் பற்றி அவர் தனி நூலே எழுதியிருக்கிறார். எதிரெதிரே இருவர் உட்கார்ந்துகொள்வார்கள். அவரவர் பக்கத்து 7 குழிகள் அவரவருக்கு. குழிக்கு 5 வீதம் போட்டால் மொத்தம் 70 முத்துகள்.

உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை வழித்தெடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி காலியா? அந்த வெறுங்குழியைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். அதோடு உங்கள் கை முடிந்தது. தொடர்ந்து இரண்டு குழி காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியிலாவது முத்து சேர்ந்து சேர்ந்து சரியாக 4 ஆகிவிட்டால் அது 'பசு'. அந்தக் குழி யாருடையதோ அவர் அதை எடுத்துக்கொள்வார். இந்தப் பசுவைக் கவனிக்கத்தான் கண் வேண்டும். பேச்சுச் சுவாரஸ்யத்தில் விட்டீர்கள் என்றால், போனது போனதுதான்.

ஊருக்கு ஊர் விதி மாறும். காசிக் குழி வைத்து ஆடுவது ஒன்று. அதில் இரண்டு நடுக்குழிகளிலும் ஒவ்வொரு முத்து, மற்ற 12 குழிகளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு, ஆக மொத்தம் 146. ஆச்சியின் சோதனையில் 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இப்போது கையைக் கவனியுங்கள். ஒரு கை ஆட்டத்தில் வழிப்பது, போடுவது, வழிப்பது, போடுவது என்று விரல்கள் பத்து இருபது தடவை குழிக்குள் போய் வருகின்றன. கண் பசுவைத் தேடிக்கொண்டிருக்கும்போது கை தானாக வேலை செய்ய வேண்டும். அதனால்தான் குழி அரை உருண்டைபோல் சரிந்து இறங்குவது அவசியம். சரிவு இருந்தால் முத்து தானே நடுவுக்கு உருண்டு வரும், விரலும் அதே வளைவில் வழுக்கி ஏறும். தட்டை அடியில் இது நடக்காது. ஆன்லைன் பலகைகள் பலவும் தோற்பது இந்த ஒரே இடத்தில்தான்.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஆசாரியிடம் போவதற்கு முன்பு நானும் ஆச்சியும் ஒரு நோட்டுத்தாளில் கணக்குப் போட்டோம். விரும்புகிறவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

புளியமுத்துக்குக் குழியின் வாய் 6 சென்டிமீட்டர் அகலம், நடுவில் 2 சென்டிமீட்டர் ஆழம். இதில் 15 முத்துகூடத் தாராளமாக அடங்கும். பெரியவர்களின் நான்கு விரலும் நுழையும், குழந்தையின் கையும் நுழையும். குழிக்கும் குழிக்கும் நடுவில் 1 சென்டிமீட்டர் வரப்பு. அதற்குக் குறைந்தால் உளி வைக்கும்போது மரம் தெறித்துவிடும். 7 குழிகளுக்கு 42, நடுவில் 6 வரப்புகளுக்கு 6, இரண்டு ஓரத்துக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 52 சென்டிமீட்டர் நீளம்.

ஒரு வரிசைக்கு ஒரு பலகை என்று இரண்டு பலகைகளைக் கீல் வைத்து இணைத்தால், ஆடாதபோது புத்தகம்போல் மூடிவிடலாம். மூடினால் குழிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், 70 முத்துகளும் உள்ளேயே தங்கிவிடும், தனிப் பை தேவையில்லை. ஒவ்வொரு பலகையும் எட்டரை சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் கனம். 2 சென்டிமீட்டர் குழிபோக அடியில் 1 சென்டிமீட்டர் மரம் மிஞ்சும்.

சோழியில் ஆடுவதென்றால் இந்தக் கணக்கு உதவாது. சோழி புளியமுத்தைவிடப் பருமன், முதுகு வேறு வளைந்திருக்கும், ஒன்றோடொன்று ஒட்டி அடங்காது. 12 சோழிக்கு 7 சென்டிமீட்டர் வாயும் இரண்டரை சென்டிமீட்டர் ஆழமும் வேண்டும். பலகை நீளம் 59 ஆகிவிடும், கனமும் கூடும். ஆக, முதலில் முடிவு செய்ய வேண்டியது மரத்தை இல்லை, காயை. காசி ஆட்டம் ஆடுகிறவர்கள் நடுக்குழியை மட்டும் இன்னும் அகலமாக்கச் சொல்ல வேண்டும். அது நிரம்பிக்கொண்டே போகும் குழி.

பனையா, பூவரசா?

சுற்றிலும் பனைமரமாக இருக்கிற ஊரில், பனையிலேயே செய்யலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஊரில் கதவு, ஜன்னல் வேலை பார்க்கும் ஆசாரி அண்ணாச்சி சிரித்தார். பனையில் வைரம் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே போகப் போகச் சோறு. உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கருப்புச் சிம்புகள் நேராக ஓடும் அந்த மரத்தில் வட்டமாகக் குடைந்தால் ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் ஊசி நிற்கும். விரல் வழிக்கும் இடத்தில் ஊசி!

தேக்கில் செய்யலாம், செலவு தாங்கினால். வேம்பு பூச்சிக்கு அசராது. பலா லேசாக, மஞ்சளாக, அழகாக இருக்கும். நாங்கள் எடுத்தது பூவரசு. உப்புக்காற்றைத் தாங்கி வளரும் கடற்கரை மரம் அது. இழை நெருக்கமாக இருக்கும், உளிக்கு இணங்கும், தேய்த்தால் சாக்லேட் நிறத்தில் மினுங்கும். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத தென்மாவட்டக் குழந்தை இருக்க முடியாது.

மரம் எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் குடைந்தால், அது காயும்போது சுருங்கி, குழியின் அடியில் கீறல் விடும். சாத்தான்குளம் பக்கம் ஓர் அறுவை மில்லில், ரொம்ப நாள் நிழலில் அடுக்கிக் கிடந்த பலகை கிடைத்தது. இரண்டு பாதிக்கும் ஒரே பலகைதான் வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். ஒரே மரம் என்றால் ஈரத்துக்கு இரண்டும் ஒரே மாதிரி உப்பும், ஒரே மாதிரி சுருங்கும். வேறு வேறு மரமென்றால் ஒரு மழைக்காலம் போதும், கதவு சாத்தாதது மாதிரி ஆகிவிடும்.

வள்ளம் செய்த கை

அண்ணாச்சி முன்பு வள்ளத்து வேலையும் பார்த்தவர். இந்தக் கரையில் மரக்கலங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் வேகமாக. ஃபைபர் படகு அச்சில் வார்த்து எடுப்பது. அதில் ஆசாரிக்கு வேலை கொஞ்சம்தான். மரம் வளைகிற போக்கைப் பார்த்தே எங்கே வெட்டலாம் என்று சொல்லும் கைகள் இப்போது அளவெடுத்த ப்ளைவுட்டை அறுத்துக்கொண்டிருக்கின்றன. அவர் இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை. பெயரும் போட வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் பூவரசுப் பலகையை மடியில் வைத்ததும் அவர் உட்கார்ந்த விதமே மாறியது.

மீன் வேண்டாம், வள்ளம் செய்யுங்கள் என்றார் ஆச்சி. மீன் வடிவத்தில் தலைக்கும் வாலுக்கும் மரம் வீணாகும். வள்ளமென்றால் இரண்டு முனையிலும் 4 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, அணியம்போல் கூராக வளைத்தால் போதும். நீளம் 60 சென்டிமீட்டர். திறந்து வைத்தால் மேலிருந்து பார்க்கிற வள்ளம், மூடினால் பாதி வள்ளம்.

ஆனால் வள்ளத்தை முதலில் வெட்டவில்லை. குழிதான் முதலில். பலகை நீள்சதுரமாக இருக்கும்வரைதான் அதை இறுக்கிப் பிடித்து வேலை செய்ய முடியும். ஓரத்தை வளைத்துவிட்டால் பிடிமானம் போய்விடும்.

இழைப்புளியால் இரண்டு பலகைகளையும் மட்டமாக்கினார். நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. முனையிலிருந்து 9 சென்டிமீட்டரில் முதல் புள்ளி, பிறகு 7 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் காம்பஸை ஊன்றி 3 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம். அடுத்து, ட்ரில் முனையில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரத்தில் டேப் சுற்றி, ஒவ்வொரு புள்ளியிலும் அந்த அடையாளம் வரை மட்டும் ஒரு சின்னத் துளை. ஆழத்துக்கு அதுதான் சாட்சி. குடைந்துகொண்டே போய்த் துளை மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும். மிச்சக் கால் சென்டிமீட்டரைத் தேய்ப்பு எடுத்துக்கொள்ளும்.

பிறகு நகவுளியும் கொட்டாப்புளியும். நான் உட்கார்ந்து பார்த்ததில் கற்றுக்கொண்ட ஒரே ரகசியம் இதுதான். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மட்டுமே வெட்ட வேண்டும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறலாம் என்று உளியை ஓட்டினால், ஏறும் பக்கத்தில் இழை எதிர்த்து நின்று பிய்ந்து வரும். பாதி வெட்டியதும் பலகையைத் திருப்பி மறுபாதி. இப்படி 14 குழிகள். இரண்டு நாள் ஆனது. ரவுட்டர் மெஷின் இருந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அடி உருண்டையாகக் குடையும் முனையை மாட்டச் சொன்னால் அதுவும் நல்ல குழியே தரும். கையால் செய்தால்தான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குழி உருண்டையாக இருந்தால் போதும்.

எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க, கெட்டி அட்டையில் குழியின் வளைவை வெட்டி வைத்துக்கொண்டார். அட்டையைக் குழிக்குள் நிறுத்தி, வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே இன்னும் மரம் எடுக்கவில்லை, அல்லது அதிகம் எடுத்தாயிற்று. தேய்ப்பதற்குப் பாதியாக அறுத்த ரப்பர் பந்து! அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றிக் குழிக்குள் அழுத்திச் சுழற்றினால் வளைவு மாறாமல் வழவழப்பாகிறது. முதலில் 80-ம் நம்பர் தாள், பிறகு 120, கடைசியில் 220.

வெளி வடிவத்தை அறுத்தபின் கீல். கடற்கரையில் இரும்புக் கீலும் இரும்புத் திருகும் வைத்தால் சில மாதத்தில் துரு இறங்கி மரத்தில் கருப்புத் தழும்பு போடும். அதனால் பித்தளை. பித்தளைத் திருகு மெதுவானது, அப்படியே முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் முறுக்கி, வழி செய்து, கழற்றிவிட்டுப் பித்தளையைப் போட்டார்.

பாலிஷ் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். கண்ணாடிபோல் வார்னிஷ் அடிக்கலாம் என்றார் அவர். வார்னிஷில் முத்து வழுக்கித் துள்ளும் என்றார் ஆச்சி. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். துணியில் தொட்டு மெலிதாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, மூன்று தடவை. தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள். அது காயவே காயாது, பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

குன்றிமணி வேண்டவே வேண்டாம்

காய்க்கு வருவோம். புளியமுத்துக்குச் செலவே இல்லை. கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வண்டு துளைத்ததைக் கழித்துவிட்டு, ஏறக்குறைய ஒரே அளவில் 70 பொறுக்கினால் போதும். பத்துப் பதினைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், சோபாவுக்கு அடியில் போவதற்கு. சிவப்பு மஞ்சாடி போட்டால் கறுத்த மரத்தில் பார்க்கக் கொள்ளை அழகு.

மஞ்சாடி என்று நினைத்துச் சிலர் குன்றிமணியைப் பொறுக்கி வருகிறார்கள். சிவப்பில் கருப்புக் கண் வைத்த சின்ன விதை. அது விஷம். ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் கடித்து மென்றாலோ, துளை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. இலங்கையில் சிங்களப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் 'ஒலிந்த கெலிய' நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. அதன் பெயரே குன்றிமணியிலிருந்து வந்ததுதான். பழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும், குழந்தை இருக்கும் வீட்டில் அந்த விதை வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் புளியமுத்தையே கண்ணெதிரில்தான் வைத்து ஆட வேண்டும், தொண்டையில் சிக்கும்.

சோழிக்குக் கடற்கரையில் பஞ்சமில்லை என்று நினைப்போம். ஆனால் சங்கு, சோழி இனங்களில் சில 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தூத்துக்குடிக்கு வடக்கே ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் எதையுமே எடுக்கக் கூடாது. வீட்டில் பாட்டி காலத்துச் சோழி இருந்தால் அதுதான் உத்தமம். அந்தச் சோழி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிப்பது ஒரு தனி சுகம். பல நூற்றாண்டுகள் உலகத்துக்கே சோழி கொடுத்தது மாலத்தீவு. வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அது காசாகப் புழங்கியது. தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு போகும் அதே மாலத்தீவில், 16 குழிப் பலகை ஒன்று வைத்து இன்றும் ஆடுகிறார்கள். மலேசியாவில் 'சொங்காக்', பிலிப்பைன்ஸில் 'சுங்கா'. அந்தப் பலகைகள் படகு வடிவத்தில் இருக்கும். ஆச்சி வள்ளம் கேட்டபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நீளமான மரத்தில் வரிசையாகக் குழியைப் பார்த்தால் படகுதான் ஞாபகம் வரும்போல.

சமமாகத் தொடங்கி...

பல்லாங்குழியை நேரப்போக்கு என்று மட்டும் நினைத்திருந்தால், பாளையங்கோட்டைக்காரரான பேராசிரியர் தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' நூலில் அதைப் பற்றிய கட்டுரையை ஒருமுறை படித்துப் பாருங்கள். 1997-ல் வெளிவந்த நூல். ஆட்டம் தொடங்கும்போது எல்லாக் குழியிலும் முத்து சமம். முடியும்போது ஒருவர் கையில் எல்லாம், இன்னொருவர் கையில் ஒன்றுமில்லை. தனிச்சொத்து சேர்வதையும் சமத்துவம் உடைவதையும் இயல்பான காரியமாக மனசுக்குப் பழக்கும் ஆட்டம் இது என்பது அவருடைய பார்வை. வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஆடும் ஆட்டத்தில் இத்தனை பெரிய விஷயத்தை அவரால்தான் பார்க்க முடியும்.

பலகையில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? முதல் சுற்று முடிந்ததும் அவரவர் ஜெயித்த முத்தை வைத்து அவரவர் குழியை நிரப்ப வேண்டும். 70-ல் 45 ஒருவரிடம், 25 மற்றவரிடம் என்று வையுங்கள். இரண்டாமவரால் 5 குழிகளை மட்டுமே நிரப்ப முடியும். மற்ற இரண்டும் தரிசு. அடையாளத்துக்கு ஒரு குச்சியைப் போட்டுவிடுவார்கள். அடுத்த சுற்றில் அந்தக் குழிகளில் யாரும் முத்துப் போடுவதில்லை. நிலம் குறைந்தவர் குறைந்த நிலத்தில் உழைத்தே மீள வேண்டும்! மீளவும் செய்கிறார்கள், பசு வாய்த்தால். ஆனால் பெரும்பாலும் தரிசு கூடிக்கொண்டேதான் போகும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆடியதால், எனக்கு இன்னொன்று உறைத்தது. பங்கு போடுவதில் மீனவக் கரை தேர்ந்த கரை. பிடித்த மீனில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, போன ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது இன்றும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியை மூன்று சம குவியலாகக் குளியாட்கள் பிரிப்பார்கள். எந்த இரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி கைகாட்டுவார். மிச்சம் ஒன்று குளியாட்களுக்கு. பிரிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்பதால், குவியலில் கள்ளத்தனம் செய்து பயனில்லை. மூன்றில் ஒரு பங்கு நியாயமா என்பது வேறு கேள்வி. 1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் அந்த மாதிரிப் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை.

பழைய ஆட்டங்களை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'க்ரீடா' இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் கைகள் இன்னும் இருக்கின்றன. நம் ஊர் ஆசாரிகளுக்கு இரண்டு நாள் வேலையாக ஒரு பல்லாங்குழி போவதும் நல்லதுதான். மேலே சொன்ன அளவைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். குழியின் அடி உருண்டையாக வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.

எங்கள் வள்ளப் பலகையில் முதல் ஆட்டம் ஆச்சிக்கும் கடலுக்குப் போகாத என் மாமாவுக்கும். ஆண்கள் பல்லாங்குழி ஆடுவதா என்று மாமா கொஞ்சம் நெளிந்தார். இரண்டாவது சுற்றில் நெளிவு போய்விட்டது. நான்காவது சுற்றில் அவரிடம் மிஞ்சியது 4 முத்துகள். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாது, ஆட்டம் முடிந்தது என்று எழுந்தார்.

"உக்காருலே" என்றார் ஆச்சி. "கஞ்சி காய்ச்சு."

முத்து தீர்ந்தவர் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆட்டத்தைத் தொடர ஒரு வழி சில ஊர்களில் உண்டு. பெயர் 'கஞ்சி காய்ச்சுவது'. எதிராளியும் அந்தச் சுற்றுக்குத் தன் பக்கம் அதே அளவுதான் இறக்க வேண்டும் என்பது ஆச்சி வைத்திருக்கும் விதி. மாமா 4 குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டார். எதிரே, மடி நிறைய முத்து வைத்திருந்த ஆச்சியும் தன் 4 குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டார்.